ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நங்கநல்லூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்த எட்டு வீட்டு அடுக்ககத்தில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். குறிப்பாக, 501-ஆவது யூனிட்.

தெரியாமல் என்ன செய்யும்? 2022 செப்டம்பருக்கு முன்பிருந்த கட்டணத்தில், இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு பில் 1,130 ரூபாய். 501 ஓட்டியிருந்தால் 1,786 ரூபாய் 60 காசு. வரம்பைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். ஏற்கெனவே எரித்து முடித்து மறந்தும் போன யூனிட்டுகளுக்கும் விலை மாறும். ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் அடக்க விலை 656 ரூபாய். அந்த யூனிட்டில் துவைத்த துணி எதுவென்று தெரிந்தால் ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

2022 செப்டம்பரில் கட்டணம் மாறியது. 500 யூனிட்டுக்கு 1,725, 501-க்கு 1,958. இடைவெளி 233 ரூபாயாகக் குறைந்துவிட்டது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதினார். பள்ளத்தின் ஆழம் குறையவில்லை, தரை மேலே ஏறிவிட்டது என்று யாரோ அதன் கீழே பென்சிலில் எழுதினார்கள். இதை எழுதுபவரும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார். ஆகவே பென்சில் யாருடையது என்பதில் அவரிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ரீடிங் எடுத்து நாற்பத்தைந்து நாள் ஆனதும் கட்டடத்தில் விரத காலம் தொடங்கும். இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போகும். தெருமுனை இஸ்திரி வண்டிக்குத் திடீரென்று வாடிக்கை கூடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டர் பெட்டி முன்னால் டார்ச்சும் கையுமாக நாலைந்து ஆண்கள் நிற்பார்கள்.

"எவ்வளவு சார்?"

"நானூத்தி முப்பத்தெட்டு."

"பரவாயில்லையே! இந்தத் தடவை மாப்பிள்ளை வரலையா?"

மாப்பிள்ளை என்றால் ஏ.சி. என்று பொருள். ஒன்றரை டன் ஏ.சி. முழுமூச்சாக ஓடினால் மணிக்கு ஒரு யூனிட்டைத் தாண்டும். ராத்திரி எட்டு மணி நேரம், நாலு நாள் தங்கினால் கணக்கு முடிந்தது. மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்தின் செலவை யாரும் பேசுவதில்லை. அவர் தூங்கும் செலவைத்தான் பேசுகிறார்கள்.

மின்சிக்கனம் என்றால் ஆளுக்கொரு சித்தாந்தம். டி-1 மாமியின் சித்தாந்தம், டிவியில் எரியும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு. அதுதான் ராப்பகலாக உட்கார்ந்து கரண்டைக் குடிக்கிறது என்று அவர் முடிவு கட்டி, தினமும் படுக்கப் போகுமுன் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எஃப்-2-இல் இருக்கும் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தக் காலத்து டிவி சும்மா இருக்கும்போது இழுப்பது அரை வாட். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து முக்கால் யூனிட்கூட வராது. பக்கத்தில் செட்டாப் பாக்ஸ் இருக்கிறதே, அது சும்மா இருக்கும்போதே பத்து வாட் அளவுக்கு இழுத்தால் இரண்டு மாதத்தில் பதினாலு யூனிட். மாமி அதைப் பிடுங்குவதில்லை. காரணம் கேட்டதற்கு, "அதுல சிவப்பு லைட் இல்லையே, பச்சைதானே" என்றார்.

இன்ஜினியரின் சொந்த சித்தாந்தம் ஃபேன். சென்னையில் ஃபேன் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் சுற்றுவது சாதாரணம். பழைய ஃபேன் 75 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் என்றால் 36 யூனிட். மூன்று ஃபேனை மாற்றினால் 162 யூனிட் மிச்சம். இது பிளக்கைப் பிடுங்கும் வீரச் செயல்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை. ஆனால் யாரும் கேட்கவில்லை. ஃபேன் மாற்றுவதில் சண்டை இல்லை, தியாகம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. அப்புறம் அதில் என்ன சுவாரசியம்?

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு தினம். அதைச் சங்கம் விமரிசையாகக் கொண்டாடுவது என்று பொதுக்குழுவில் தீர்மானம் ஆயிற்று. கார் நிறுத்துமிடத்தில் ஷாமியானா, மைக் செட், இரண்டு ஃபோகஸ் லைட், வாசலில் இருந்து மூன்றாம் மாடிவரை சீரியல் செட். எல்லாவற்றுக்கும் கரண்ட் பொது மீட்டரில் இருந்து. எட்டே வீடுகள், சாதாரணமாகப் பேசினாலே கேட்கும். ஆனால் மைக் இல்லாமல் செயலாளருக்குப் பேச்சு வராது.

அவர் பேசிய விஷயம் என்னவோ சரியானதுதான். ஏ.சி.யில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் வாரியம் சொல்கிறது. 2020 ஜனவரியில் இருந்து விற்கும் ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. இதற்கு எஸ்-3 வீட்டு அம்மா எழுந்து, "எங்க வீட்டு ஏ.சி.யும் இருபத்துநாலுலதான் சார் ஆரம்பிக்குது. பையன்தான் பதினெட்டுல முடிக்கிறான்" என்றார். பதினெட்டில் வைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குவதும், குளிர் தாங்காமல் நடுராத்திரி எழுந்து ஃபேனை நிறுத்துவதும் அந்த வீட்டு வழக்கம். 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏ.சி.களை 20 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி கட்டுப்படுத்தும் யோசனையைச் சொன்னபோது, அந்தப் பையன் அதைத் தன் தனிமனித உரிமையில் கைவைக்கும் செயலாக எடுத்துக்கொண்டான்.

விழாவின் முக்கிய அம்சம் பரிசு. முந்தைய இரண்டு மாதத்தில் யார் வீட்டு பில் குறைவோ அவர்களுக்கு. பெட்டியில் போட்ட எட்டு பில்களையும் பொருளாளர் பிரித்தார். வென்றது எஸ்-1. வீட்டைப் பூட்டிவிட்டு, பெண்ணின் பிரசவத்துக்காகத் தம்பதி சமேதராய் அமெரிக்கா போய் வந்தவர்கள். இது நியாயமா என்று கொஞ்ச நேரம் சலசலப்பு. "ஆள் இல்லாம இருந்தா மிச்சம்தானே சார் ஆகும்?" என்பது எதிர்த்தரப்பு. "அதைத்தான் நீங்களும் பண்ணியிருக்கலாமே?" என்பது எஸ்-1. பரிசுப் பொருள் 1,500 வாட் எலக்ட்ரிக் கெட்டில். வாங்கியவர் பொருளாளர். கடையில் தள்ளுபடியில் கிடைத்ததாம்.

மார்ச்சில் வந்த புவி நேரம் இன்னும் ஒரு படி மேலே. 2007-இல் சிட்னியில் தொடங்கிய வழக்கம் அது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு 8.30-லிருந்து 9.30 வரை விளக்கணைக்க வேண்டும். ஒவ்வொருவரையும் கெஞ்சுவதைவிட ஒரே அடியாக மெயினை இறக்கிவிடலாம் என்று எட்டு வீட்டாரையும் ஒப்புக்கொள்ள வைத்த செயலாளர், சரியாக எட்டரைக்கு எல்லா மெயினையும் இறக்கினார். இருட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை. எட்டு வீட்டிலும் இன்வர்ட்டர் கிளம்பி, விளக்கு, ஃபேன், டிவி எல்லாம் பழையபடி. 2008-இல் தொடங்கிப் பல வருடம் மின்வெட்டோடு குடும்பம் நடத்திய மாநிலம் இது. இங்கே ஒருவரை இருட்டில் உட்கார வைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒன்பதரைக்கு மெயினை ஏற்றியதும் எட்டு பேட்டரியும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கின. இன்வர்ட்டர் வாங்குவது அதிகம், திருப்பித் தருவது குறைவு. ஆக, புவியைக் காப்பாற்றிய அந்த ஒரு மணி நேரத்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் செலவானது. இதை இன்ஜினியர் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

இவையெல்லாம் சில்லறை. சங்கத்தின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது லிஃப்ட் விவகாரம்.

அடுக்ககங்களின் மாடிப்படி விளக்கு, மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் எட்டு ரூபாய்ச் சொச்சம் ஆகிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரில் அரசு ஒரு சலுகை அறிவித்தது. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருந்தால் யூனிட் 5 ரூபாய் 50 காசு. இந்தக் கட்டடத்தில் வீடு எட்டு, மாடி மூன்று. லிஃப்ட் மட்டும் இருந்தது. இருந்தது என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. அது ஓடி வெகுநாள் ஆகியிருந்தது. உள்ளே பழைய பேப்பர் கட்டும், நவராத்திரிக் கொலுப்படியும் இருந்தன.

"ஓடாத லிஃப்ட்டை லிஃப்ட்டுனு எப்படி சார் சொல்றது?" என்று பொருளாளர் தொடங்கினார்.

"பார்க்க வர்றவங்க ஓடுதான்னா கேப்பாங்க? கதவு இருக்கு, பட்டன் இருக்கு, உள்ள கண்ணாடி இருக்கு" என்றார் இன்ஜினியர்.

"அலமாரின்னு சொல்லிடலாமே?" இது எஃப்-1.

முதல் மாடிக்காரர்கள் மூவரும் லிஃப்ட்டை அடியோடு கழற்றி விற்றுவிடலாம் என்றார்கள். முதல் மாடிக்காரர்கள் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாம் மாடி வழக்கம்போல யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் டீ குடித்தது. மூன்றாம் மாடி டி-1 மாமி மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். முழங்கால் வலிக்கு அவர் பூசும் தைலம் பேசியது. இரண்டு மணி நேரம் போனபின்தான் இன்ஜினியர் பேப்பரை எடுத்து அசல் கணக்கைப் போட்டார். பொது மீட்டர் இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடுகிறது. யூனிட்டுக்கு மிச்சம் இரண்டரை ரூபாய்ச் சொச்சம். மொத்தம் ஒரு எழுநூற்றைம்பது, எண்ணூறு. எட்டால் வகுத்து, மாதக்கணக்காக்கினால் வீட்டுக்கு ஐம்பது ரூபாய்.

அறை அமைதியானது. மாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்போ என் முழங்காலோட விலை மாசம் அம்பது ரூபாய். அப்படித்தானே சொல்றேள்?"

அதற்குப் பதில் சொல்லும் தெம்பு யாருக்கும் இல்லை. வெட்கம் தாங்காமல் செயலாளர் அங்கேயே போனைப் போட்டு லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைத்தார். கழற்றுவதற்காகக் கூட்டிய கூட்டத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கப்பட்டது. பேப்பர் கட்டு வெளியேறியது. சலுகைக் கட்டணம் போனது போனதுதான். இப்போது முதல் மாடிக்காரர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று வாட்ச்மேன் சொல்கிறார்.

இடையில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடந்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து எஃப்-3 பால்கனியில் அருவி கொட்டுவது அன்றாடக் காட்சியாக இருந்தது. வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார், டீக்கடையில் அரசியல் பேச்சு இருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் ஒரு கருவியை எஃப்-3-காரர் சொந்தச் செலவில் வாங்கி மாட்டிவிட்டார். கூட்டம், தீர்மானம், டீ எதுவும் இல்லை. பொது பில் இறங்கியது. அதற்கான பெருமையைச் செயலாளர் ஆண்டறிக்கையில் புவி நேரத்துக்குக் கொடுத்தார்.

இப்போது நடக்கும் விவாதம் சூரியன் பற்றி. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில், தனி வீட்டுக்காரர் 3 கிலோவாட் பலகை வைத்தால் 78,000 ரூபாய் மானியம். அடுக்ககச் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000. மூன்று கிலோவாட் என்றால் 54,000 ரூபாய் வரும் என்றதும் பொருளாளரின் முகம் மலர்ந்தது. சென்னை வெயிலை இத்தனை வருடம் திட்டியதற்கு ஈடாக அதை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரும் மைக் இல்லாமலே உற்சாகமானார்.

சிக்கல் இடம்தான். நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி வேண்டும். மொட்டைமாடியில் ஏற்கெனவே துணிக்கொடி ஆறு, யாருக்கும் சொந்தமில்லாத டிஷ் ஆன்டெனா நாலு, கால் உடைந்த நாற்காலிகள், பெயின்ட் டப்பாவில் கற்றாழை. இத்தோடு இன்ஜினியர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். பலகையின் நிழல் தளத்தில் விழுவதால் கீழே இருக்கும் வீடுகளில் சூடு குறையும் என்று.

"கீழேன்னா?" என்றார் எஃப்-1.

"மூணாவது மாடி."

"மொட்டைமாடி எட்டு வீட்டுக்கும் பொது. குளிர்ச்சி மட்டும் ரெண்டு வீட்டுக்கா? அப்போ அவங்க கூடப் போடணும்."

டி-2 எழுந்து, இத்தனை வருடமாகச் சூடு மட்டும் ரெண்டு வீட்டுக்கு இருந்ததே, அதற்கு மற்ற ஆறு வீடும் எவ்வளவு போட்டது என்று கேட்டார். கூட்டம் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த ஞாயிறும் ஒத்திவைக்கப்பட்டது.

கடைசியில் அளவெடுக்க சோலார் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். துணி காயப்போடும் பிரச்சினையைக் கேட்டுவிட்டு, பலகைகளை எட்டடி உயர இரும்புச் சட்டத்தில் நிறுத்திவிடலாம், கீழே தாராளமாக நடமாடலாம், சட்டத்துக்குத்தான் கொஞ்சம் கூடுதல் செலவு என்றான். எல்லோருக்கும் திருப்தி. பொருளாளர் கூடுதல் செலவை எட்டால் வகுக்கத் தொடங்கினார். அரிசி வடாம் சீசன் தொடங்கும் நேரம் அது. டி-1 மாமி லிஃப்ட்டிலிருந்து இறங்கி, மிச்சப் படிகளை மெதுவாக ஏறி, அந்தப் பையன் காட்டிய இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் பேஷா இருக்குப்பா. நிழல்ல வடாம் எப்படிக் காயும், அதை மட்டும் சொல்லு."