கொழுப்பை அடியோடு ஒழிக்க ஒரு செயல்முறைக் கையேடு

ரத்தப் பரிசோதனைத் தாளில் 'லிப்பிட் ப்ரொஃபைல்' என்ற தலைப்பின் கீழே இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வந்துவிட்டன. மறுநாள் வாக்கிங்கில் நண்பர்கள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்: எண்ணெயை நிறுத்து, மஞ்சள்கருவைத் தூக்கிப் போடு, நெய்யைக் கண்ணால்கூடப் பார்க்காதே. எல்.டி.எல். கொலஸ்ட்ரால் கூடினால் ரத்தக்குழாய்ச் சுவரில் படியும், இதயத்துக்கு ஆபத்து என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் டாக்டர் குறைக்கத்தான் சொன்னார். நமக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஒழித்துவிடுவோம்.

எல்லோரும் தொப்பையில் தொடங்குவார்கள். தொப்பை எங்கும் ஓடிவிடாது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் செல்சவ்வுகளைக் கழற்றுங்கள். ஹாலந்தின் லைடன் நகரில் 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குத் தண்ணீர்மேல் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அப்படியானால் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பு இரட்டை அடுக்காகப் போர்த்தியிருக்கிறது என்றார்கள். உண்மையில் அவர்கள் கொழுப்பை முழுசாகப் பிரித்தெடுக்கவில்லை; அணுவின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, விடை மட்டும் சரியாக வந்தது. நம் பரீட்சைகளில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

அந்த இரட்டை அடுக்கில் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகளுக்கு நடுவே, நீங்கள் பயப்படும் அதே கொலஸ்ட்ரால்தான் செருகி நிற்கிறது. சவ்வு ரொம்ப இளகியும் போகாமல் ரொம்ப இறுகியும் போகாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் உருவி எறியுங்கள். செல்லுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வழியும். துடைக்கப் பழைய வேட்டி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அடுத்து மூளை. நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை உள்ளே விடாமல் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே முட்டையை நிறுத்தி மூளையை வழிக்குக் கொண்டுவர முடியாது. நேரே போய்த்தான் சுரண்ட வேண்டும். நரம்புகளைச் சுற்றியுள்ள, கொழுப்பு மிகுந்த மயலின் உறையையும் அப்போதே உரித்துவிடலாம். உறையுள்ள பெரிய நரம்பில் சேதி நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையே இல்லாத மெல்லிய நரம்பில் சுமார் 1 மீட்டர். அவசரமில்லாத வாழ்க்கை என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சுதான். மூச்சு விடுவதில் பெரிய பிடிப்பில்லாதவர்கள் அதையும் வழித்துவிடலாம்.

கொலஸ்ட்ராலை முற்றிலும் நீக்கினால் கூடவே போகிறவை: கார்ட்டிசால், டெஸ்டோஸ்டீரோன், ஈஸ்ட்ரோஜன், பித்த அமிலங்கள். இதில் கல்லீரல் உங்களோடு ஒத்துழைக்காது. நீங்கள் சாப்பிடாவிட்டால் அதுவே உட்கார்ந்து கொலஸ்ட்ராலைச் செய்துவிடும். கடைக்குப் போனால் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சடித்த கடலை எண்ணெயை எடுத்துப் பெருமைப்படுங்கள். தாவர எண்ணெயில் அது இருந்தால்தானே! எருமைப்பாலில் எலும்பு இல்லை என்று எழுதி ஒட்டுவது மாதிரிதான்.

சாப்பாட்டில் கொழுப்பை முழுசாக நிறுத்த நினைப்பவர்களுக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929இல் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டார்கள். வளர்ச்சி நின்றது, வால் செதில் செதிலாக உரிந்தது, சிறுநீரகம் கெட்டது, செத்தும் போயின. லினோலெயிக் அமிலம் போன்ற சில கொழுப்பு அமிலங்களை உடலால் தயாரிக்க முடியாது, உணவில் வந்தே ஆகவேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிறகு அவர்கள் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் ஆறு மாதம் தானே அப்படிச் சாப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒற்றைத் தலைவலிகூட விட்டுப்போனது. காரணம், வளர்ந்த மனிதனின் தோலடிக் கொழுப்பில் லினோலெயிக் அமிலம் நிறையவே சேர்ந்துகிடக்கும்.

அந்தச் சேமிப்பையும் பூட்டிவைக்க வழியுண்டு. வாய்வழியாகச் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஒருகாலத்தில் கொழுப்பில்லாத சர்க்கரைக் கரைசலை இரவு பகலாக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். ஓயாமல் வந்த சர்க்கரையால் இன்சுலின் ஏறியே நின்றது. சேமிப்பிலிருந்து கொழுப்பு வெளியே வரவில்லை. சில வாரங்களில் தோல் செதிலாக உரிந்தது, எலிக்கு உரிந்தது போலவே. இதற்கு மாற்றாக ரத்தக்குழாயில் ஏற்றத்தக்க கொழுப்புக் கரைசலை 1960களின் தொடக்கத்தில் சுவீடனின் ஆர்விட் விரெட்லிண்ட் கொண்டுவந்தார். அதில் இருப்பது சோயா எண்ணெயும், நீங்கள் காலையில் குப்பையில் போட்ட அந்த மஞ்சள்கருவிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிடும்.

இப்போது தொப்பை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. அதோடு, உடல் மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜன் தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் கட்டிக்கொண்டு உட்காரும். 10 கிலோ கொழுப்பில் உள்ள ஆற்றலைக் கிளைக்கோஜனாக வைத்திருந்தால் சுமார் 90 கிலோ சுமக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதையும் மீறிக் கொழுப்புத் திசுவை ஒழித்தே தீருவேன் என்றால், லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோய்க்காரர்களைப் பாருங்கள். அவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பு இருக்க இடமில்லாமல் கல்லீரலிலும் தசையிலும் போய்க் குந்துகிறது. சர்க்கரை நோய் இளமையிலேயே வருகிறது. பசியோ அடங்குவதில்லை, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டினைத் தயாரிப்பது கொழுப்புத் திசுதான். ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994இல் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆகவே கையேட்டின் கடைசிப் படி: லெப்டினுக்கு மாற்றாக 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மெட்ரெலெப்டினை வாங்கி, தொப்பை காசு வாங்காமல் செய்துவந்த வேலைக்கு, தினமும் ஒரு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.