இடைக்கால இடை

இடை என்னும் சொல்லுக்கு இடுப்பு என்றும், நடுவில் வருவது என்றும் இரு பொருள் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் வந்து பொருந்தும் நிலையையே இக்கட்டுரை ‘இடைக்கால இடை’ என்று குறிக்கிறது. பழைய இடுப்பு போய்விட்டது. புது இடுப்பு இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் திங்கட்கிழமை காலை அலுவலகம் போகவேண்டும். எதை உடுத்துவது?

எடையைக் குறைக்க வழி சொல்வதற்கு டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், பெட்டிக்கடைக்காரர் என்று ஊரே இருக்கிறது. குறைந்துகொண்டிருக்கிறபோது பேன்ட் அவிழாமல் இருக்க வழி சொல்லத்தான் ஆளில்லை. ஆய்வுலகில் இது ஒரு வெற்றிடம். என் பேன்ட்டிலும் அதே அளவுக்கு வெற்றிடம் இருந்ததால் இவ்வாய்வை நானே மேற்கொள்ள நேர்ந்தது.

ஆய்வுக்களம் என் உடம்பு. வேறு யாரும் சம்மதிக்கவில்லை. காலம் ஒன்பது மாதம். இடம் கோயம்புத்தூர், குறிப்பாக ரேஸ்கோர்ஸ் நடைபாதை. தொடக்கத்தில் எடை 96 கிலோ, இடுப்பு 42 அங்குலம். முடிவில் 82 கிலோ, 37 அங்குலம். அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் இடுப்பு உள்வாங்கியிருக்கிறது. கடையில் பேன்ட் இரண்டிரண்டு அங்குலமாகத்தான் இறங்கும்: 42, 40, 38, 36. ஆகவே ஐந்தரைக் கிலோ குறைந்தால் ஒரு சைஸ் இறங்கலாம் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. கடைசியில் நான் வந்து நின்ற 37 என்ற எண் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இல்லை என்பது இரண்டாவது. அது இடைக்கும் இடைப்பட்ட இடை.

இனிப் பொருளியல். ஒரு பேன்ட் ஆயிரம், ஒரு சட்டை எழுநூறு என்று சிக்கனமாகவே வைப்போம். வாரத்துக்கு ஐந்து ஜோடி என்றால் 8,500 ரூபாய். வழியில் மூன்று சைஸ், ஆக 25,500. பதினாலு கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ குறைக்க 1,821 ரூபாய் ஆகிறது. அதில் பாதி விலைக்கு ஆட்டுக்கறி ஒரு கிலோ கிடைக்கிறது. குறைப்பதைவிட ஏற்றுவது மலிவு என்ற இந்த உண்மையை எந்த டாக்டரும் நோயாளியிடம் சொல்வதில்லை.

பழைய துணியையே தொளதொளவென்று போட்டுக்கொண்டு போனால் என்ன என்று வினவலாம். போகலாகாது. என்னை? நம் ஊர்க்காரர்கள் துணியைப் பார்த்தே நோயைக் கணிப்பவர்கள் ஆகலின். 88 கிலோவில் இருந்த ஒரு வாரம் இதைச் சோதித்துப் பார்த்தேன். திங்களன்று 42 பேன்ட்டும் அதற்கேற்ற பழைய சட்டையும். மதியத்துக்குள் மூன்று பேர் என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, “சுகருங்களா?” என்றார்கள். நான்காமவர் எதுவும் கேட்காமல் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அது இன்னும் மோசம். செவ்வாயன்று அளவான பேன்ட், அளவான சட்டை. அதே மூவரில் ஒருவர், “ஜிம்முக்குப் போறீங்களாட்ட இருக்குது?” என்றார். ஒரு நாளில் என் உடம்பில் நூறு கிராம்கூட மாறியிருக்காது. நோயாளியை ஆணழகனாக்கியது இடுப்பில் பிடித்த இரண்டு அங்குலத் தையல்.

முன்னோர் இதுபற்றி ஏதும் சொல்லியிருக்கிறார்களா என்று தேடியதில், நன்னூல் செய்த பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விதி வகுத்துவிட்டார் என்று தெரிகிறது. இரண்டு சொல் சேரும்போது மாற்றமில்லாமல் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. மாற்றம் வந்தால் விகாரம். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். அவர் எழுத்தைச் சொன்னதாகத்தான் உரையாசிரியர்கள் கொண்டார்கள். நான் துணியைச் சொன்னதாகக் கொள்கிறேன். 42 பேன்ட்டைப் பெல்ட் போட்டு இறுக்கினால் இடுப்பைச் சுற்றி இல்லாத மடிப்பெல்லாம் வருகிறதே, அது தோன்றல். முன்பக்கம் கொசுவம் வைத்தாற்போல் ஆகி, பேன்ட் பாதிப் புடவை ஆகிவிடும். பக்கத்தில் இருக்கவேண்டிய தையல் முன்னால் நகர்ந்து, பாக்கெட்டில் கையை விட்டால் தொடைக்கு நடுவே போய் நிற்கிறதே, அது திரிதல். கெடுதலுக்கு விளக்கம் தேவையில்லை. அது பேருந்தில் நடந்தது, பின்னால் வரும்.

இயல்புப் புணர்ச்சிக்கு ஒரே எடுத்துக்காட்டு வேட்டி. நாலு முழம், எட்டு முழம் என்பதெல்லாம் துணியின் அளவு, ஆளின் அளவன்று. 96 கிலோவில் கட்டிய வேட்டியை 82 கிலோவிலும் கட்டலாம்; சுற்று ஒன்று கூடும், அவ்வளவே. ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்த புதுவகை வேட்டிக்கு இந்தப் பெருமையில் முழுப் பங்கு கிடையாது. பட்டை ஒட்டும் இடத்துக்கு எல்லை உண்டு. உடம்பு அந்த எல்லையைத் தாண்டி இளைத்தால் ஒட்டாது. நானும் ஒரு வாரம் வேட்டியில் அலுவலகம் போனேன். மேலாளர் முதல் நாள், “வீட்டுல விசேஷமா?” என்றார். மூன்றாம் நாள், “தேர்தல்ல நிக்கறீங்களா?” என்றார். வேட்டி அளவுப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது, வேறு பிரச்சினைகளைக் கொண்டுவருகிறது.

புடவையும் இவ்வினமே என்று எழுதி வைத்திருந்தேன். ஐந்தரை மீட்டர் துணி யாருடைய எடையையும் கேட்பதில்லை என்றும் எழுதியிருந்தேன். கைப்பிரதியைப் படித்த மனைவி, “பிளவுஸை யார் போடுவாங்க, நீங்களா?” என்று கேட்டாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பிளவுஸை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். பக்கவாட்டில் அரைக்கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசைத் தையல். உடம்பு பெருத்தால் உள்ளே இருக்கும் ஒன்றைப் பிரிக்கலாம்; இளைத்தால் இன்னொன்று போடலாம். கல்யாணம், பிரசவம், அதற்குப் பின் என்று ஒரே பிளவுஸ் மூன்று உடம்பைப் பார்த்திருக்கிறது. ஆண் பிள்ளைகள் 40, 38 என்று கடை கடையாக ஏறிக்கொண்டிருக்கும் இந்த நாட்டில், எந்தப் பெண்ணும் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது “உள்ளே துணி விட்டுத் தைங்க” என்று சொல்லாமல் வருவதில்லை. “இருபது வருஷமா நாங்க பண்றதுக்கு இப்ப நீங்க ஆராய்ச்சி பண்றீங்களா?” என்றாள். இக்கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பள்ளிச் சீருடையிலும் இதே விதிதான், திசை மட்டும் வேறு. ஆறாம் வகுப்பில் வாங்கும் பேன்ட்டை எட்டாம் வகுப்புவரை ஓட்டவேண்டும். அதனால் அடியில் நாலு விரல் மடித்துத் தைத்துவிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மடிப்பை இறக்குவார்கள். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் சாயம் போகாமல் ஒரு கோடு நிற்கும். மரத்தின் வளையத்தை எண்ணி வயதைச் சொல்வதுபோல் அந்தக் கோடுகளை எண்ணி வகுப்பைச் சொல்லலாம். சிறுவன் அந்தத் தொளதொளத்த பேன்ட்டில் நின்றால் பார்ப்பவர்கள், “வளர்ற பிள்ளை” என்பார்கள். அதில் ஒரு வாழ்த்து இருக்கும். ஐம்பது வயதுக்காரன் அப்படி நின்றால் ‘இளைக்கிற பெரியவர்’ என்று வாழ்த்த நம் மொழியில் வழக்கில்லை. சுகருங்களா என்பதுதான் உண்டு.

ஊக்குக்கு வருவோம். அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்று, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றார் என்பது வரலாறு. நம் வீட்டுப் பெண்கள் வளையலிலும் தாலிக் கொடியிலும் மாட்டி வைத்திருப்பது அதன் வழித்தோன்றலே. 86 கிலோவில் இருந்தபோது நான் பேன்ட்டின் உள்பக்கம் பின்னால் ஒன்று குத்திக்கொண்டு காந்திபுரத்திலிருந்து பேருந்தில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது, அதுவே வினை. உட்கார்ந்ததும் ஊக்கு திறந்தது. நான் எழுந்த வேகத்தைப் பார்த்து, இறங்கப் போகிறேன் என்று நினைத்து ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்துவிட்டார். மேலே சொன்ன கெடுதல் விகாரம் இதுவே. ஊக்கு, நாடா கோப்பதற்கு உகந்த கருவி. இடுப்பைக் காப்பதற்கு அன்று.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பேருந்து நிலையத்தில் செருப்புத் தைப்பவர் பத்து ரூபாய்க்கு ஓட்டை போட்டுத் தருவார். நான்காவது ஓட்டைக்குப் போனபோது, பெல்ட்டின் நுனி இடுப்பைச் சுற்றி முதுகுப்பக்கம் வரத் தொடங்கியிருந்தது. அவரே நுனியை வெட்டிவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அளவு எழுதிய சீட்டை நம்பலாமோ எனின், நம்பலாகாது. எக்ஸ்எல் என்பது இடுகுறிப் பெயர், காரணப் பெயர் அன்று. ஒரு கடையில் எனக்கு எக்ஸ்எல் பிடித்தது. எதிர்க்கடையில் டபுள் எக்ஸ்எல்லில் பித்தான் போடவில்லை. 38 என்று சீட்டு தைத்த பேன்ட்டை டேப் வைத்து அளந்தால் 40 வந்தது. வாங்குபவன் மனம் குளிர வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் செய்யும் தர்மம் அது. இந்திய உடம்புக்கென்று தனி அளவுமுறை வேண்டும் என்று நிஃப்ட் என்னும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 25,000 பேரை அளக்கும் திட்டம் ஒன்றை எடுத்தது. தெரிந்தெடுத்த ஆறு நகரங்களில் தெற்குக்குப் பெங்களூரு போதும் என்று விட்டுவிட்டார்கள். சென்னையும் இல்லை, கோவையும் இல்லை. தமிழ்த் தொப்பை தேசியக் கணக்கில் இடம்பெறாமல் போனதற்குக் கண்டனத் தீர்மானம் ஏதும் வந்ததாகக் காணோம்.

திருப்பூர் காதர்பேட்டைக்கும் போய்வந்தேன். ஏற்றுமதியில் மிஞ்சின டீ-சர்ட் அங்கே மலிவு. வெள்ளைக்காரன் அளவில் வெட்டியது ஆகையால் அவனுடைய எம் எனக்கு எல். அங்கே போனால் எல்லாரும் ஒரு சைஸ் இளைத்துத் திரும்பலாம். ஆனால் அலுவலகத்துக்கு டீ-சர்ட் ஆகாது. அலுவலகத்துக்குக் கடைசியில் கைகொடுத்தது மகன் கழித்துப் போட்ட 38 பேன்ட் இரண்டு. அப்பன் துணியை மகன் போடுவது மரபு. மகன் துணியை அப்பன் போடுவது திரிபு. அவன் பார்க்கும்போதெல்லாம், “பார்த்துப்பா, கிழிச்சுராதீங்க” என்கிறான்.

இவ்வளவு சுற்றியும் விடை கிடைத்தது வீட்டிலிருந்து இருநூறு அடியில். வேப்பமரத்தடியில் ஒரே ஒரு தையல் மிஷின், பின்னால் அட்டையில் ‘ஆல்ட்ரேசன் மட்டும்’. பேன்ட் இடுப்பு பிடிக்க எண்பது ரூபாய், சட்டைக்கு இரண்டு பக்கமும் பிடிக்க அறுபது. ஐந்து ஜோடிக்கு 700. கடைக்குப் போனால் 8,500 ஆகும் வேலை. அவரிடம் ஒன்பது மாதத்தில் மூன்று முறை போனேன். பேன்ட்டின் நடுப்பின் தையலைப் பிரித்து, உள்ளே தள்ளி, மீண்டும் ஓட்டுவதுதான் வித்தை. முதல் தடவை எதுவும் தெரியவில்லை. இரண்டாம் தடவை பின் பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கின. மூன்றாம் தடவை அவர் துணியைத் தூக்கிப் பிடித்து, “இதுக்கு மேல புடிச்சா ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணாயிரும்ங்க சார்” என்றார். பர்ஸ் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சட்டையில் தோள்பட்டையை மட்டும் அவர் தொட மறுத்தார். “அது புதுச்சட்டை தைக்கற வேலைங்க. பக்கத்தைப் புடிச்சுத் தர்றேன், தோளு தொங்குனா தொங்கட்டும்.”

முதல் தடவையே அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பிடித்த துணி உள்ளே இரண்டு அங்குலம் தடித்துக் கிடந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, “வெட்டீரட்டுங்களா, உள்ளார உட்டு வெக்கட்டுங்களா?” என்றார். நான் கம்பீரமாக, “வெட்டிருங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “தீவாளி போகட்டும்ங்க” என்றார். தீபாவளிக்குப் போனபோது பொங்கல் போகட்டும் என்றார். பொங்கலுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மரத்தடியில் எத்தனை இடுப்பு இளைத்துப் போய், எத்தனை திரும்பி வந்திருக்கும் என்று அவருக்கு மட்டுமே தெரியும். என் ஒன்பது மாத ஆய்வைவிட அவருடைய கத்தரிக்கோல் கீழே இருந்தது பெரிய முடிபு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். அங்குலத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்தரை. அந்த அளவும் கடையில் இல்லை. எனக்கு இன்னும் ஒன்றரை அங்குலம் பாக்கி.

பிடிக்காமல் வைத்திருந்த 42 பேன்ட்டில் இரண்டை மனைவி பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் போட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிட்டாள். போகிக்கு எரிக்க மனம் வராமல் இன்னும் மூன்று பீரோவில் இருக்கின்றன: சாம்பல் நிறம் ஒன்று, கறுப்பு ஒன்று, ஊதாக் கோடு போட்டது ஒன்று. நல்ல நிலையில் உள்ளன. வேண்டும் வாசகர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், இலவசம். ஒரே நிபந்தனை, இடுப்பைப் பிடித்தாலும் உள்ளே இருக்கிற துணியை வெட்டிவிடாதீர்கள். அடுத்த தீபாவளிக்குத் திருப்பிக் கேட்டாலும் கேட்பேன்.