செவிக்கு வந்த சோதனை

லட்சக்கணக்கில் விலைபோகும் ஒலிபெருக்கிகளை ஒரு வாரம் இல்லத்திலேயே வைத்துப் பரீட்சித்த பின்னர் கிரயம் பேசலாம் என்று கடைக்காரர் அருளிய சலுகையைப் பரமானந்தத்தோடு ஏற்ற என் நண்பர், சுவரை ஒட்டி வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி அளவுக்கு மீறி முழங்குகிறதென்று அவற்றை இரண்டடி முன்னே இழுத்து, எதிரொலியை அடக்க ஜமக்காளம் விரித்து, மின்விசிறியை நிறுத்தி, குக்கரின் விசிலுக்கும் தடையுத்தரவு பிறப்பித்து, வியர்வை வெள்ளத்தில் நாதோபாசனை செய்தார். மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்கிறது சாஸ்திரம். வயோதிகத்தில் உச்ச ஒலிகளே முதலில் விடைபெறும் என்பதும் அதே சாஸ்திரந்தான். இத்தகைய ஒலிபெருக்கிகளை வாங்கத் திரவியம் சேர்வதோ பெரும்பாலும் அந்தப் பிராயத்தில்! செவிகளையும் ஒரு வாரம் பரீட்சைக்குத் தரும் கடை ஏதேனும் இருப்பின், வாசகர்கள் தயைகூர்ந்து தெரிவிக்கவும்.