கிதார் ஜீர்ணோத்தாரணப் பிரகரணம்

ஒரு சாஸ்திரத்தை ஆரம்பிக்குமுன் அதன் விஷயம் யாது, அதைக் கற்பதற்கு அதிகாரி யார், இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தம் என்ன, கற்பதால் விளையும் பிரயோஜனம் யாது என்னும் நான்கையும் நிலைநாட்டிய பின்னரே மேலே செல்லவேண்டுமென்பது முன்னோர் வகுத்த முறையாதலின், அம்முறைக்கு ஊறு நேராவண்ணமே இப்பிரகரணத்தையும் தொடங்குகிறோம். விஷயமாவது, இணையச் சந்தையில் பழையதாக வாங்கப்பெற்றதும் எஃகுத் தந்திகள் பூண்டதும் உடைந்ததுமான ஒரு கிதாரைச் செப்பனிடுவது. அதிகாரியாவார், அத்தகைய கிதாரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர். வாங்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு விவேகம் மிச்சமிருத்தலால் அவர் அதிகாரியாகார். சம்பந்தமானது, விற்றவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்ட கணத்திலேயே வாங்கியவருக்கும் வாத்தியத்துக்கும் இடையே தானாக ஏற்பட்டுவிடுவது. எஞ்சிய பிரயோஜனத்தைப் பற்றிய வினா, ‘இந்தப் பணத்துக்குப் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே’ என்ற வடிவில் வீட்டிலிருப்போரிடமிருந்து எழுவது வழக்கமாகையாலும், அவ்வடிவில் எழுவது வினாவன்று, ஆட்சேபமே என்பது தர்க்கம் அறிந்தார் துணிபாகையாலும், அதனை இங்கே ஆராயாது விடுகிறோம்.

முதற்கண் விளம்பரம். கிதார் வீட்டுக்கு வந்து சேர்ந்த பின்னரே பழுதுபார்த்தல் தொடங்குகிறதென்று பொதுவாகக் கருதப்படுகிறது. அது பிழை. முதற் பழுதை விற்பவரே, பசையோ அரமோ உளியோ இன்றி, சொற்களைக் கொண்டு மட்டும் நீக்கிவிடுகிறார். நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக எண்ணி, குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் முதலிரண்டாக வைத்தார். ஒரே வாக்கியத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே செய்துவிடலாம் என்பதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ‘அதிகம் உபயோகிக்காதது, அங்கங்கே சிறு கீறல் மட்டும்’ என்னும் தொடரில் குணம் மிகையாகவும் குற்றம் குன்றியும் ஒன்றையொன்று இடறாமல் நிற்பது காண்க. ‘மகன் வெளிநாடு சென்றுவிட்டபடியால் விற்கிறோம்’ என்பது இதனினும் நுட்பமானது. மகன் எங்கே சென்றான் என்பதை ஐயந்திரிபற அறிவிக்கும் அவ்வாக்கியம், தந்திகளைத் தாங்கும் குதிரையானது பலகையை விட்டு எங்கே செல்ல முற்பட்டிருக்கிறது என்பதைக் கேட்போர் ஊகத்துக்கே விட்டுவிடுகிறது. சொல்லாது விட்டதிலேயே காவியத்தின் உயிர் இருக்கிறதென்று வாதிட்ட ஆனந்தவர்த்தனர் இதைக் கண்டிருந்தால், தொனிக்கு உதாரணம் தேடிப் பிராகிருதப் பாட்டுக்களிடம் போயிருக்க வேண்டியதில்லை. படங்களும் இந்நெறியையே பின்பற்றுவன. வாத்தியம் மெத்தைமீது சாய்ந்தும், சோபாவின்மீது அமர்ந்தும், மொட்டைமாடியில் மாலை வெயில் காய்ந்தும் காட்சி தரும். குதிரையின் பின்புறத்தை மட்டும் எந்தப் படமும் காட்டாது.

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போர் புரியவந்த சீவகன், தன்முன் கொண்டுவரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, இதன் மரம் நீரில் நின்றது, இதன் மரம் இடி வீழ்ந்தது என்று குற்றங் கூறி விலக்கியதோடு, நரம்பின் முறுக்கை அவிழ்த்து உள்ளே கிடந்த மயிரையும் எடுத்து அவையினருக்குக் காட்டினான் என்பது தமிழர் அறிந்ததே. பழைய வாத்தியம் வாங்குவோர்க்கு இதனிற் சிறந்த வழிகாட்டி வேறில்லை. ஆயினும், சீவகன் முன் யாழ் நேரில் வந்தது. நம் முன் வருவது அதன் நிழற்படம். பணம் கட்டிய பிறகு வருவது, தந்திகளைத் தளர்த்தாமலே செய்தித்தாளில் சுற்றி, ‘உடையக்கூடியது’ என்று எழுதி, அவ்வெழுத்தின்மீதே வேறொரு மூட்டையை ஏற்றி அனுப்பப்பட்ட அட்டைப்பெட்டி.

இனி, உடைவின் காரணம். கிதார் கீழே விழுவதனால் உடைகிறதென்பது பூர்வபட்சம். அது ஒருபுடை உண்மையே; தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் வகையில், அவ்விடத்து மரத்தின் ரேகை குறுக்கே ஓடுவதால், மல்லாந்து விழுந்த மாத்திரத்தில் கழுத்து முறிவதுண்டு. ஆனால் சுவரோரம் சாத்திவைத்து எவரும் தொடாத கிதாரும் உடைகிறது. 0.012 அங்குலக் கனத்தில் தொடங்கும் சாதாரண எஃகுத் தந்திக்கட்டு ஒன்று, சுருதி கூட்டிய நிலையில் ஏறக்குறைய 160 பவுண்டு, அதாவது சுமார் 73 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. அவ்விழுப்பைத் தாங்குவதோ மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாத மேற்பலகை. நன்றாக வளர்ந்த ஒருவர் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே அசையாமலும் இருக்கவேண்டும், விரல் பட்டால் அதிரவும் வேண்டும் என்று அப்பலகையை நாம் பணிக்கிறோம். பலகைக்கு அடியில் கத்தரிக்கோல் வடிவாகக் குறுக்கிட்டுச் செல்லும் தாங்குசட்டங்கள், சாக்ஸனியின் மார்க்னாய்கிர்ஹென் ஊரிற் பிறந்து 1833-இல் நியூயார்க்கில் குடியேறிய கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டினின் பட்டறையில் 1840-களில் உருப்பெற்றவை. அவை குடல்நரம்புத் தந்திகளுக்காக அமைந்தவை. எஃகுத் தந்தி இருபதாம் நூற்றாண்டிலேதான் பெருவழக்காயிற்று. ஆகவே எஃகுத் தந்திக் கிதார் ஒவ்வொன்றும், தன் முன்னோர் அறியாத பாரத்தைச் சுமந்துகொண்டு, மெல்ல மெல்லத் தன்னைத்தானே கழற்றிக்கொண்டிருக்கிறது எனல் மிகையாகாது. மேற்பலகை வயிறு வைத்தலும், குதிரை பின்புறம் எழும்புதலும், தந்திகள் விரற்பலகையை விட்டு உயர்ந்து விரல் நுனியை அறுத்தலும் இதன் படிகளே.

பக்கப் பலகைகளிலும் முதுகிலும் உள்ள காயங்கள் இத்துணை ஆராய்ச்சிக்கு உரியன அல்ல. ஸ்பெயின் தேசத்து அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்னும் மேதை, நாதம் பிறப்பது மேற்பலகையிலேயே என்று காட்டவேண்டி, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையாலேயே செய்து ஒரு கிதாரை அமைத்தார்; அது இன்றும் பார்சிலோனாவின் இசைப் பொருட்காட்சியில் இருக்கிறது. எனவே, முதுகு ஈட்டிமரம் என்று விற்பவர் விலையை ஏற்றும்போது தோர்ரெஸின் பெயரைச் சொல்லி இறக்கலாம். பிரேசில் தேசத்து ஈட்டிமரம் அருகியபின் 1969 அளவில் மார்ட்டின் கம்பெனியாரே நம் நாட்டு ஈட்டிக்கு மாறினர் என்பதை அவர் மறுபடி எடுத்து வீசுவாராயின், பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்வது நலம். எதிரில் இருப்பவர் நம்மினும் கற்றவர்.

இப்போது பிரகரணத்தின் மையத்துக்கு வருவோம். உடைந்த கிதாருக்குள் சிறு விளக்கொன்றையும் கண்ணாடியொன்றையும் செலுத்திக் குதிரையின் அடிப்புறத்தை நோக்கும் ஆய்வாளருக்கு, 1945-இல் அரிக்கமேட்டில் மண்ணடுக்குகளைப் படித்த மார்டிமர் வீலருக்கு உண்டானது போன்றதொரு பரவசம் உண்டாகும். எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலைப் பசை. மலிவான வகைகளில், மரத்தின்மீது பூசிய வார்னிஷைச் சுரண்டாமல் அதன்மேலேயே குதிரையை ஒட்டியிருப்பார்களாதலின், அது மரத்தைப் பற்றாமல் மெருகையே பற்றியிருக்கும். அதற்கு மேல் வெள்ளைப் பசையின் காலம். கையில் கிடைத்ததை நம்பும் களங்கமற்ற உள்ளத்தினர் வாழ்ந்தது. அதற்கும் மேல், கணத்தில் ஒட்டும் சயனோஅக்ரிலேட்டுப் பசையின் காலம். அவசரமும் கோபமும் மிகுந்த காலமென்பதற்கு, பலகையில் பதிந்து உறைந்துபோன பெருவிரல் ரேகையே சான்று. அதன்பின் குழாய்க் கசிவை அடைக்கும் எபாக்ஸி மாவு. முடிவாக, எந்தப் பசையையும் நம்பாத ஒருவர் குதிரையின் இருபுறமும் முடுக்கிய இரண்டு திருகாணிகள். இவை போதாவென்று, குதிரைமேல் நிற்கும் எலும்புத் தகட்டின் அடியில், உயரம் கூட்டும் பொருட்டு நான்காக மடித்துச் செருகிய பஸ் டிக்கெட் ஒன்றும் அகப்படலாம். கட்டணம் தெளிவாகத் தெரியுமானால் அந்த அடுக்கின் காலத்தை ஓரளவு நிர்ணயிக்கலாம்.

இவ்வடுக்குகளை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தந்தியின் இழுப்பு கிதாருக்குச் செய்த தீங்கு, குதிரையின் பின்னோரத்தில் ஒரு காகிதம் நுழையத்தக்க இடைவெளி, அவ்வளவே. எஞ்சியவை யாவும், துளைகளும் கறைகளும் பிளவுகளும், அன்பினால் விளைந்தவை. வாத்தியத்தை உடைப்பது காலம். பாழாக்குவது, இனி இது ஒருகாலும் அவிழக்கூடாதென்ற பிடிவாதத்தோடு செய்யப்பட்ட பழுதுநீக்கம். ஆதலால் ஜீர்ணோத்தாரணத்தின் முதற் கடமை முந்தைய ஜீர்ணோத்தாரணங்களைக் களைவது என்பது எமது சித்தாந்தம். இதன் கிளைச் சித்தாந்தம், நாம் செய்வதையும் பின்வருவோர் களையக்கூடியதாகவே செய்யவேண்டுமென்பது.

இதற்குப் பிரமாணம் மேல்நாட்டு நூல்களில் தேடவேண்டியதில்லை. கருவறையில் மூர்த்தியைப் பீடத்தோடு பொருத்தும் அஷ்டபந்தன மருந்து, கொம்பரக்கும் குங்கிலியமும் சுக்கான்தூளும் காவிக்கல்லும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் பிறவும் சேர்த்து நாட்கணக்கில் இடித்து ஆக்கப்படுவது. அத்துணைப் பாடுபட்டு ஆக்கியதையும் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்த வேண்டுமென்பதே மரபு. தெய்வத்தையே நிரந்தரமாக ஒட்டிவிடலாமென்று எண்ணாத ஸ்தபதிகளின் வழித்தோன்றல்கள், ஒரு குதிரையைத் திருகாணியால் அறைவது எங்ஙனம் பொருந்தும்? தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுக்களும் மெழுகிலேதான் பதிந்து நிற்கின்றன. சுருதி விலகினால் மெழுகை இளக்கி, காதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு மறுபடி மேளம் கட்டுவார்கள். அவிழ்வதற்கு இடம் வைத்துக் கட்டுதல் நம் கைவினைஞர்க்குப் புதிதன்று.

கிதாருக்கு இந்த இடத்தை வகிப்பது வஜ்ஜிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்து, பழைய தச்சர்கள் பட்டறை மூலையில் நாற்றத்தோடு வைத்திருந்த அதே பசை. நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரத்தை இறக்கி, சுமார் 60 டிகிரி வெப்பத்தில் இளக்கவேண்டும். கொதிக்கவிட்டால் பற்றும் சக்தி குன்றிவிடும். சூட்டோடு பூசி, ஆறுவதற்குள் பொருத்தி, இடுக்கியால் இறுக்கி ஒரு நாள் முழுதும் தொடாதிருக்க வேண்டும். காய்ந்தபின் 73 கிலோ இழுப்பை அஞ்சாது. சூடும் ஈரமும் சேர்ந்து வந்தாலோ மறுபேச்சின்றி விட்டுக்கொடுக்கும். வெள்ளைப் பசையின் எச்சத்தின்மீது வேறெதுவும் சரியாக ஒட்டாது. வஜ்ஜிரமோ தன் இனத்தின் பழைய எச்சத்தோடும் கலந்துகொள்ளும். மழைக்காலத்துச் சென்னைக் காற்றின் ஈரத்திலும், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் அது இளகிவிடாதா என்று ஆட்சேபிப்போர் உளர். ஆட்சேபம் நியாயமானதே. கிதாரைக் காருக்குள் விட்டுச்செல்லாதீர்கள் என்பது சமாதானம்.

ஒட்டுமுன் மேற்பலகையின் வெறும் மரம் தெரியச் சுரண்டுதலும், திருகாணித் துளைகளை அதே இன மரத்தக்கையால் அடைத்தலும் இன்றியமையாதவை. இடம் குறித்தலில் இன்னும் கவனம் வேண்டும். தந்தி தொடங்கும் மேட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள தூரம் எவ்வளவோ, அம்மெட்டிலிருந்து குதிரைத்தகடு வரையுள்ள தூரமும் அவ்வளவே இருத்தல் வேண்டுமென்பது கணிதம். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி சற்றே ஏறிவிடுவதால், மெல்லிய தந்தியின் பக்கம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டரும் தடித்த தந்தியின் பக்கம் அதனினும் மிகுதியாகவும் பின்னே தள்ளவேண்டுமென்பது அநுபவம். கலிலியோவின் தகப்பனாரான வின்சென்ஸோ கலிலேயி 1581-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு மெட்டுக்கும் 18-க்கு 17 என்ற விகிதத்தைக் கொள்ளச் சொன்னார். பன்னிரண்டு மெட்டு ஏறினால் அவ்விகிதம் முழு இரட்டிப்பை எட்டாமல் 1.986-இல் நின்றுவிடும். கணிதத்தில் பட்ட அக்குறை, தந்தி இழுபடுவதால் நேரும் ஏற்றத்தை ஓரளவு சரிக்கட்டிக் காதுக்கு நன்மையாகவே முடிந்தது. சங்கீதத்தில் இத்தகைய சலுகைகள் உண்டு. அவற்றை நம்பி அளவுகோலை எடுக்காமல் ஒட்டுவோருக்கு இல்லை.

மேற்பலகை விரிசலுக்கு உட்புறம் சிறு சில்லுகளை ரேகைக்குக் குறுக்காக ஒட்டுக. கழுத்து வளைவுக்கு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைக் கால் திருப்புக்கு மேல் ஒரே முறையில் திருப்பற்க. துருப்பிடித்த பிருடைகளை மாற்றுக. பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டு முழு எலும்பில் புதிய தகடு செதுக்குக. இவை எவரும் செய்யத்தக்கவையாதலின் விரிவஞ்சி விடுத்தோம்.

இறுதியாக, கல்வெட்டு. பழைய வாத்தியங்களின் உட்புறத்தில், பழுதுபார்த்தவர் தாம் செய்ததையும் தேதியையும் பென்சிலால் எழுதிவைப்பது மேல்நாட்டு வழக்கம். நம் கோயிற் சாசனங்கள், தானத்தையும் எல்லையையும் சொல்லி முடித்தபின், இதனை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று ஓம்படைக்கிளவியோடு முடியும். கிதாருக்குள் எழுதும் சாசனம் இதற்கு நேர்மாறாக, அழிக்கப்போகிறவருக்கு உபகாரமாக அமைதல் வேண்டும். மெய்க்கீர்த்தி வேண்டா, எழுத்து சுருக்கமாயிருக்கட்டும்: ‘குதிரை வஜ்ஜிரத்தால் ஒட்டப்பட்டது. கழற்றுவோர் வெந்நீரில் நனைத்த துணியும் சூடேற்றிய தகட்டுக்கத்தியும் கொண்டு, பின்னோரத்திலிருந்து மெல்லத் தொடங்குக. இரண்டு ஆணித்துளைகள் மரத்தக்கையால் அடைக்கப்பட்டுள்ளன. விரிசலருகே எஞ்சியிருக்கும் எபாக்ஸி மாவு எமக்கு முந்திய காலத்தது.’