ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும்

இரவில் விழித்து அழும் குழந்தையை உடனே தூக்காதீர்கள். சில நிமிடம் பொறுத்துப் போய்ச் சமாதானம் சொல்லுங்கள், அடுத்த முறை இன்னும் தாமதியுங்கள் என்று அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-இல் புத்தகமே போட்டார்.

அவர் ஆத்தூருக்கு வந்ததில்லை போலும். இங்கே இரண்டாம் நிமிடத்தில் மாமியார் வசம்போடும் பக்கத்து வீட்டு அக்கா திருநீறோடும் ஆஜர். "ஏன் கண்ணு, புள்ளைய இப்படிக் கத்த உடுற?" என்ற விசாரணை தனி.

ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். குழந்தையும் கணக்குத் தவறாமல் தூங்குகிறது, தவணை முறையில்.

விடிய விடியத் தூளி ஆட்டிவிட்டு, சேகோ ஆலையில் மரவள்ளி லோடுக்குக் கணக்கெழுதப் போகும் அப்பாவுக்கு எத்தனை மணி நேரம்? அந்த வழிகாட்டுதல் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டுமாம்.