மொட்டைமாடி வெந்நீர்: கேள்வி-பதில்

சாட்சியாபுரம் வாசகர்: சித்திரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் கொட்டுகிறது. சிவகாசிக்கு எதற்கு சோலார் ஹீட்டர்?

மதியம் ஒரு மணிக்குக் குளிப்பவர் என்றால் உங்களுக்குக் கறுப்பு டேங்கே போதும். மார்கழி விடியலில் குளித்துவிட்டு பட்டாசு ஆபீஸ் வேனைப் பிடிக்க ஓடுகிறவர்களைக் கேளுங்கள். சாயங்காலம் முழங்கை வரை அலுமினியப் பொடி அப்பித் திரும்புகிறவர்களையும் கேளுங்கள். தீக்குச்சி காயவும் திரி காயவும் பல தலைமுறையாகச் சூரியனைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கும் ஊர் இது. இன்னும் கொஞ்சம் ஓவர்டைம் பார்க்கட்டுமே!

திருத்தங்கல் வாசகி: பேனல் தெற்குப் பார்த்து இருக்கணும் என்கிறார்கள். மே மாத மதியம் எங்கள் வீட்டு நிழல் தெற்கே விழுகிறதே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நாம் இருப்பது வடக்கே ஏறக்குறைய 9.5 டிகிரியில். ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளையில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆனால் அப்போது வெந்நீர் யாருக்கு வேண்டும்? மார்கழியில் அதே சூரியன் 33 டிகிரி வரை தெற்கே இறங்கிவிடுகிறது. ஆகவே தெற்குதான். ரொம்பப் படுக்கவும் விடாதீர்கள். சூடான தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாக மேலேறித் தொட்டிக்குப் போவதற்குச் சாய்வு வேண்டும். 20 டிகிரியை ஒட்டி வைத்தால் தூசியும் தங்காது.

விஸ்வநத்தம் வாசகர்: தொட்டி மேல் ஒரு பைப் சும்மா வானத்தைப் பார்த்து நிற்கிறது. மழைத் தண்ணீர் இறங்காமல் மூடி போட்டுவிடலாமா?

விஸ்வநத்தத்திலிருந்து இந்தக் கேள்வியா! இறுக்கிச் சுற்றாத மருந்து புஸ்ஸென்று எரிந்து போகும். அதையே சணல் சுற்றி இறுக்கினால் அணுகுண்டு. உங்கள் ஆபீஸ் போர்மேன் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அதற்கு இருக்கும் ஒரே வழி அந்தப் பைப். தண்ணீர் வேகமாக இறங்கும்போது உள்ளே காற்றை விடுவதும் அதுதான். அடைத்தால் தொட்டி உள்வாங்கி நசுங்கும். மழைக்குப் பயந்தால் முனையைக் கீழே வளைத்துவிடச் சொல்லுங்கள். மூடியும் வேண்டாம், வால்வும் வேண்டாம். பைப்பின் உச்சி, பச்சைத் தண்ணீர் டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். இல்லாவிட்டால் மாடியில் குற்றாலம்தான்.

சாத்தூர் வாசகர்: 200 லிட்டர் ஹீட்டரைத் தகரக் கூரையில் வைக்கலாமா? கடைக்காரர் "லைட் வெயிட் சார்" என்கிறார்.

தண்ணீர் ஊற்றும் வரை லைட் வெயிட்தான். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. தொட்டியும் ஸ்டாண்டும் தனி. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் கூடவே கூடாது. கான்கிரீட் தளத்திலும் ஸ்டாண்டின் கால்கள் சுவர் மேலோ பீம் மேலோ உட்காரட்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடென்றால், உத்தரத்தைக் கரையான் விட்டுவைத்திருக்கிறதா என்று ஒரு இன்ஜினீயர் பார்த்துச் சொல்லணும். ஆடிக் காற்றுக்கு அசையாமல், கான்கிரீட் கட்டை போட்டு அதில் போல்ட்டை முடுக்குங்கள். தட்டோட்டைத் துளைத்தால் ஐப்பசியில் கீழ்வீட்டுக்காரர் வாளியோடு வந்து நிற்பார்.

எல்லாவற்றுக்கும் முதலில், ஈபி கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஜிஐ பைப் 20 அடி நீளம். அதை மாடியில் நிமிர்த்துகிறவரின் கண் காலடியில் இருக்கும். பைப்பின் நுனி கம்பியில் இருக்கும்.

ரிசர்வ் லைன் வாசகி: மாட்டிய அன்று மதியம் தண்ணீர் விட்டதும் கண்ணாடிக் குழாய் 'டப்'. மட்டமான சரக்கா?

சரக்கைத் திட்டுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். வெயிலில் காலியாகக் கிடக்கும் குழாயின் உட்புறம் 150 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீரை விட்டால் வேறென்ன ஆகும்? விடியுமுன் நிரப்புங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: தீபாவளி ராக்கெட் விழுந்து குழாய் உடைந்தால் யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

விசாரிக்காமல் இருப்பது நல்லது. ராக்கெட் உங்கள் ஆபீஸ் சரக்காகவே இருக்கலாம். உபரிக் குழாய் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று உடைந்தாலும் தொட்டித் தண்ணீர் முழுக்க மாடியில்தான்.

வெம்பக்கோட்டை பட்டாசு ஆபீஸ்காரர்: ஆட்கள் கை கழுவ, மருந்து ஷெட் மேலேயே ஒன்று மாட்டிவிடட்டுமா?

வேண்டாம் ஐயா. ஈரம் பட்ட அலுமினிய மருந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். எனக்கு முன்னால் உங்களுக்கே தெரியும். அதன் தலைமேல் தண்ணீர்த் தொட்டியா? 2008 வெடிபொருள் விதிகளின்படி, ஒப்புதலான வரைபடத்தை மாற்ற முன் அனுமதியும் வேண்டும். கை கழுவும் இடத்தைத் தள்ளி வைத்து, வெடிபொருள் துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

சிவகாசி தாத்தா: பேரன் குளிக்கும் தண்ணீர். எதைக் கவனிக்கணும்?

வெயில் நாளில் தொட்டி 70 டிகிரியைத் தொடும். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலை வேகவைக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். கரண்ட் காயில் இருந்தால் எர்த்தும் ஆர்சிசிபியும் கட்டாயம்; குளிக்குமுன் சுவிட்ச் ஆஃப். பிளம்பர் கையில் மிச்சமிருக்கும் சாதா பிவிசியை வெந்நீர் லைனுக்குப் போட்டு முடிக்கப் பார்ப்பார். 60 டிகிரியிலேயே அது தொய்ந்துவிடும். சிபிவிசி கேளுங்கள்; பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.