மாமனார் வீடு அரண்மனையானால்…

கேள்வி: ரோமில் பேரரசர் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்ட பிரபுக்களுக்கு அதனால் லாபமா, நஷ்டமா?

பதில்: முதல் தலைமுறைக்குப் பதவி, அடுத்த தலைமுறைக்குப் பாடை! சிலானஸ் குடும்பமே சாட்சி. மார்க்கஸ் சிலானஸ் மணந்தது ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் கொள்ளுப்பேத்தி எமிலியா லெபிடாவை. பிள்ளைகள் உடம்பில் அகஸ்டஸ் ரத்தம். அதுதான் வினையாயிற்று.

பிள்ளைகளில் ஒருவனான லூசியஸுக்குப் பேரரசர் கிளாடியஸின் மகள் ஆக்டேவியாவை நிச்சயம் செய்திருந்தார்கள். கிளாடியஸை மணக்கவிருந்த அக்ரிப்பினாவோ அவளைத் தன் மகன் நீரோவுக்கு முடிக்க நினைத்தாள். உடன்பிறந்த கால்வினாவோடு தகாத உறவு என்று லூசியஸ் மீது பழி கிளம்பியது. பதவிக்காலம் முடிய ஒரே நாள் இருக்கையில் அவன் பதவியையும் பிடுங்கினார்கள். கி.பி. 49-ல் கிளாடியஸ் அக்ரிப்பினாவை மணந்த அதே நாளில் லூசியஸ் தற்கொலை செய்துகொண்டான். கால்வினாவுக்கு நாடுகடத்தல்.

மூத்தவன் மார்க்கஸ் பரம சாது. பேரரசர் காலிகுலா அவனைத் 'தங்க ஆடு' என்றே அழைத்தான். இருந்தும் 54-ல் நீரோ அரியணை ஏறியதும் விருந்தில் விஷம் வைத்தார்கள். அகஸ்டஸின் எள்ளுப்பேரனை விட்டுவைக்க அக்ரிப்பினாவுக்குத் துணிவில்லை. இன்னொரு சகோதரன் டெசிமஸ் 64-ல் போனான்.

மறு வருஷம் அந்த மூத்தவன் மார்க்கஸின் மகனைக் கொல்ல பாரி நகருக்கு ஆள் போனது. 'நரம்பை அறுத்துக்கொள்' என்றார்கள். அந்த இளைஞன் மறுத்து, ஆயுதமின்றி வெறுங்கையால் போராடி, மார்பில் காயம் வாங்கி வீழ்ந்தான். இந்தக் குடும்பத்திலேயே தலைநிமிர்ந்த சாவு இதுதான்.

கால்வினா மட்டும் 59-ல் ரோம் திரும்பி, அத்தனை பேரையும் தாண்டி வாழ்ந்தாள். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் அகஸ்டஸின் கல்லறை மாளிகை திடீரெனத் திறந்துகொண்டபோது, அது கெட்ட சகுனம் என்று பதறியவர்களிடம் வெஸ்பாசியன் சொன்னார்: "அது எனக்கல்ல, கால்வினாவுக்கு!"